நாஜிகள் எரித்தது யாருடைய நூலகம்? டாக்டர் மாக்னஸ் ஹிர்ஷ்ஃபெல்ட்டின் கதை

இருட்டில் ஒரு பெரிய நெருப்பு. சுற்றிலும் சீருடைக்காரர்கள், மாணவர்கள். கைகளில் கட்டுக் கட்டாகப் புத்தகங்கள். நாஜிகள் புத்தகம் எரித்த இந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தை வரலாற்றுப் பாடத்திலோ ஏதாவது ஆவணப்படத்திலோ நம்மில் பலரும் பார்த்திருப்போம். 1933 மே 10 இரவு, பெர்லின் ஓபரா சதுக்கம். மார்க்ஸ், ஃபிராய்டு நூல்களை எரித்தார்கள் என்று படித்த ஞாபகமும் இருக்கும்.

ஆனால் அன்று எரிந்ததில் பெரும் பங்கு ஒரே கட்டடத்திலிருந்து வந்தது என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. நான்கு நாள் முன்பு, மே 6 காலையில், பேண்டு வாத்தியம் முழங்க மாணவர் கூட்டம் ஒன்று லாரிகளில் வந்து அந்தக் கட்டடத்துக்குள் புகுந்தது. பிற்பகலில் நாஜிப் படையினர் வந்து மிச்சத்தை அள்ளினார்கள். அங்கே இருந்த ஒரு மனிதரின் மார்பளவுச் சிலையையும் தூக்கிக்கொண்டு போய், கம்பில் செருகி, தீயை நோக்கி ஊர்வலம் விட்டார்கள்.

சிலைக்குரியவர் அப்போது ஜெர்மனியில் இல்லை. கொஞ்ச நாள் கழித்து, பாரிஸில் ஒரு சினிமா தியேட்டரில் செய்திப்படம் ஓடும்போது, தன் வாழ்நாள் உழைப்பு எரிவதைத் திரையில் பார்த்தார். அவர் பெயர் மாக்னஸ் ஹிர்ஷ்ஃபெல்ட். அந்தக் கட்டடம், பாலியல் அறிவியலுக்கு என்றே உலகில் முதன்முதலாகத் தொடங்கப்பட்ட ஆய்வு நிறுவனம்.

ஒரு டாக்டரின் நூலகத்தின் மேல் ஏன் அவ்வளவு ஆத்திரம்?

யார் இந்த ஹிர்ஷ்ஃபெல்ட்?

1868 மே 14-ம் தேதி, பால்டிக் கடற்கரையில் உள்ள கோல்பெர்க் என்ற ஊரில் யூதக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். அன்று அது பிரஷ்யா, இன்று போலந்து. அப்பா ஊரே மதித்த டாக்டர். மகன் முதலில் மொழியியல் படிக்கப் போனார். பிறகு மனம் மாறி மருத்துவத்துக்கு வந்தார். 1892-ல் பட்டம். அடுத்த ஆண்டு அமெரிக்கா போய் சிகாகோ உலகக் கண்காட்சியைப் பார்த்துவிட்டு வந்து, மாக்டெபர்க்கில் கிளினிக் போட்டார். அங்கிருந்து பெர்லினை ஒட்டிய சார்லாட்டன்பர்க்.

இதுவரைக்கும் சாதாரணமான டாக்டர் வாழ்க்கைதான். அதைத் திருப்பிப்போட்டது ஒரு மரணம்.

அவரிடம் சிகிச்சைக்கு வந்துகொண்டிருந்த ஓர் இளம் ராணுவ அதிகாரி, கல்யாணத்துக்கு முந்தின இரவு தன்னைத்தானே சுட்டுக்கொண்டார். அவர் தன்பாலீர்ப்பாளர். வீட்டாருக்குச் சொல்ல முடியவில்லை, கல்யாணத்தையும் தட்ட முடியவில்லை. தன் கதையை எழுதி ஊருக்குச் சொல்லுங்கள் என்று டாக்டருக்குக் கடிதம் எழுதி வைத்துவிட்டுப் போனார். ஹிர்ஷ்ஃபெல்ட் பின்னாளில் திரும்பத் திரும்ப நினைவுகூர்ந்த சம்பவம் இது.

1896-ல் சிறு நூல் ஒன்று வந்தது. ஆணை ஆணும் பெண்ணைப் பெண்ணும் நேசிப்பதை எப்படிப் புரிந்துகொள்வது என்பதுதான் பொருள். ஆசிரியர் பெயர் ராமியன் என்று போட்டிருந்தது. எழுதியவர் ஹிர்ஷ்ஃபெல்ட். சொந்தப் பெயரில் போட அன்று தைரியம் வரவில்லை. அதற்கு முந்தைய ஆண்டுதான் லண்டனில் ஆஸ்கர் வைல்டைச் சிறைக்கு அனுப்பியிருந்தார்கள். ஹிர்ஷ்ஃபெல்ட்டும் தன்பாலீர்ப்பாளர்தான். ஆனால் அதைப் பொதுவெளியில் அவர் அறிவித்துக்கொண்டதில்லை. அறிவித்திருந்தால், சொல்வதெல்லாம் சுயநலம் என்று ஒரே வரியில் தள்ளிவிட்டிருப்பார்கள்.

175-வது பிரிவு என்றால் என்ன?

ஜெர்மன் தண்டனைச் சட்டத்தின் 175-வது பிரிவு, ஆணும் ஆணும் உறவு கொள்வதைக் குற்றம் என்றது. ஜெர்மானியப் பேரரசு உருவான 1871-லிருந்து அது நாடு முழுக்க அமலில் இருந்தது. பிடிபட்டால் சிறை. சிறையைவிடப் பெரிய தொல்லை, மிரட்டிப் பணம் பறிக்கும் கும்பல்கள். போலீஸுக்குச் சொல்லிவிடுவேன் என்ற ஒரு வார்த்தையை வைத்தே வருஷக்கணக்கில் கறந்தார்கள். பணம் தீர்ந்தவர்கள் பலர் உயிரை விட்டார்கள்.

1897 மே 15 அன்று, ஹிர்ஷ்ஃபெல்ட்டும் பதிப்பாளர் மாக்ஸ் ஸ்போரும் இன்னும் இரண்டு நண்பர்களும் சேர்ந்து அறிவியல்-மனிதநேயக் குழு என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். தன்பாலீர்ப்பாளர் உரிமைக்காக உலகில் தோன்றிய முதல் அமைப்பு என்று வரலாற்றாசிரியர்கள் இதைத்தான் குறிப்பிடுகிறார்கள். அதன் முதல் வேலை, 175-வது பிரிவை நீக்கச் சொல்லி ஒரு மனு. சமூக ஜனநாயகக் கட்சித் தலைவர் ஆகஸ்ட் பெபல் 1898-ல் நாடாளுமன்றத்தில் அதை எழுப்பிப் பேசினார். மனு தோற்றது. மறுபடி கையெழுத்து வாங்கினார்கள், மறுபடி தோற்றது. ஐன்ஸ்டைன், தாமஸ் மான், ஹெர்மன் ஹெஸ்ஸே எனக் கையெழுத்துப் பட்டியல் நீண்டுகொண்டே போனது. சட்டம் அசையவில்லை.

அவருடைய நம்பிக்கை ரொம்ப எளிமையானது. மக்கள் கெட்டவர்கள் இல்லை, விவரம் தெரியாதவர்கள். உண்மையைச் சேகரித்து, எண்ணி, அச்சிட்டுக் கொடுத்துவிட்டால் நீதி தானாக வந்துவிடும். இதை அவர் கடைசிவரை விடவில்லை. அப்பாவித்தனம் என்று சொல்லலாம்தான். ஆனால் அந்த அப்பாவித்தனம் இல்லாவிட்டால் அடுத்து வரும் எதையும் அவர் செய்திருக்க மாட்டார்.

கேள்வி கேட்டதற்கு அபராதம்

1903-ல் சார்லாட்டன்பர்க் தொழில்நுட்பக் கல்லூரி மாணவர்கள் 3,000 பேருக்குத் தபாலில் ஒரு கேள்வித்தாள் போனது. உங்களுக்கு ஈர்ப்பு பெண்கள் மீதா, ஆண்கள் மீதா, இருவர் மீதுமா? பெயர் எழுத வேண்டாம். அடுத்த ஆண்டு பெர்லின் உலோகத் தொழிலாளர்களிடமும் இதே கேள்வி. நூற்றுக்கு ஏறத்தாழ இரண்டு பேர் தன்பாலீர்ப்பாளர்கள் என்று கணக்கு வந்தது.

இன்றைக்கு இதெல்லாம் சாதாரண சர்வே. அன்று? ஒரு பாதிரியார் கிளப்பிவிட, சில மாணவர்கள் தங்களை அவமதித்துவிட்டதாக வழக்குப் போட்டார்கள். நீதிமன்றம் ஹிர்ஷ்ஃபெல்ட்டுக்கு 200 மார்க் அபராதம் விதித்தது. அமெரிக்காவில் ஆல்ஃபிரட் கின்ஸி ஆயிரக்கணக்கானவர்களிடம் இதே மாதிரி கேள்விகள் கேட்டு உலகப் புகழ் பெற்றது 1948-ல். அதாவது 45 வருஷம் கழித்து.

ஆண்டுதோறும் ஓர் ஆய்வு மலர், 1908-ல் பாலியல் அறிவியலுக்கென்றே தனி இதழ், 1914-ல் தன்பாலீர்ப்பு பற்றி ஆயிரம் பக்கம் தாண்டிய நூல் என்று அவர் எழுதிக் குவித்தார். இத்தனைக்கும் எந்தப் பல்கலைக்கழகத்திலும் அவருக்குப் பேராசிரியர் நாற்காலி கிடைத்ததில்லை. யூதர், சோஷலிஸ்ட், தொட்டிருப்பதோ வெளியில் சொல்லக் கூசும் சப்ஜெக்ட். துறையையே அவர் தெருவிலும் கிளினிக்கிலும்தான் கட்டினார்.

அவருடைய கோட்பாட்டையும் இங்கே சொல்லிவிட வேண்டும். முழு ஆண், முழுப் பெண் என்று யாருமே கிடையாது. எல்லோரும் இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒரு இடத்தில்தான் நிற்கிறோம் என்றார் அவர். உடல் உறுப்பு, உடலின் மற்ற கூறுகள், பாலியல் ஈர்ப்பு, மனம் என நான்கு வகையில் மொத்தம் 16 அம்சங்களைப் பிரித்தார். ஒவ்வொன்றும் ஆணாக, பெண்ணாக, இரண்டும் கலந்ததாக இருக்கலாம். பெருக்கிப் பார்த்தால் 4,30,46,721 வகை மனிதர்கள்! கணக்கில் வேடிக்கை இருக்கிறது. ஆனால் ஈர்ப்பு வேறு, ஒருவர் தன்னை ஆணாகவோ பெண்ணாகவோ உணர்வது வேறு என்று அவர் பிரித்தது வேடிக்கை இல்லை. எதிர்பாலின உடை அணிபவர்கள் எல்லோரும் தன்பாலீர்ப்பாளர்கள் அல்ல என்று 1910-ல் தனி நூலே எழுதினார். டிரான்ஸ்வெஸ்டைட் என்ற சொல் அந்த நூலிலிருந்துதான் வந்தது.

நூலோடு நிற்கவில்லை. பெண் உடையில் நடந்தால் போலீஸ் பிடித்துப்போகும் காலம் அது. பெர்லின் போலீஸாரிடம் பேசிப் பேசி, மருத்துவச் சான்றின் பேரில் அப்படி உடுத்த அனுமதிச் சீட்டு கொடுக்க வைத்தார். ஒரு துண்டுக் காகிதம். அதைப் பையில் வைத்திருந்தவருக்கு அது வீட்டை விட்டு வெளியே வருவதற்கான டிக்கெட்.

சறுக்கிய இடங்கள்

எல்லாவற்றிலும் அவர் சரியாக நடந்தார் என்று எழுதினால் அது பொய். 1907-ல் பேரரசருக்கு நெருக்கமான ராணுவத் தளபதி குனோ ஃபான் மோல்ட்கே, தன்னைத் தன்பாலீர்ப்பாளர் என்று சாடை காட்டி எழுதிய பத்திரிகையாளர் மேல் வழக்குப் போட்டார். நிபுணர் சாட்சியாகக் கூண்டேறிய ஹிர்ஷ்ஃபெல்ட், ஆமாம், அவர் அப்படித்தான் என்றார். அவர் மோல்ட்கேவைப் பரிசோதித்தது கிடையாது; முன்னாள் மனைவி சொன்னதைக் கேட்டுச் சொன்னார். நாட்டின் பெரிய மனிதர்களே இப்படி என்று தெரிந்தால் சட்டம் தளரும் என்பது அவர் கணக்கு. நடந்தது நேர்மாறு. நாடே கொதித்தது, யூத வெறுப்பும் சேர்ந்துகொண்டது. மறு விசாரணையில் தான் சொன்னதை வாபஸ் வாங்கினார். குழுவுக்குப் பணம் கொடுத்துவந்த பலர் விலகிக்கொண்டார்கள். ஒருவரின் அந்தரங்கத்தை அவர் சம்மதமின்றிச் சபையில் வைத்தது, அவர் யாருக்காகப் போராடினாரோ அவர்களையே பயமுறுத்திவிட்டது.

இன்னொன்று, அந்தக் காலத்து முற்போக்காளர்கள் பலரைப் போல அவரும் இனமேம்பாட்டுக் கொள்கையை நம்பினார். பரம்பரையில் குறை உள்ளவர்கள் பிள்ளை பெறாமலிருப்பது நல்லது என்ற எண்ணம் அவர் எழுத்திலும் உண்டு. வியன்னாவின் ஆய்வாளர் ஸ்டைனாக், ஈர்ப்பை மாற்றிவிடலாம் என்று சொல்லி விதைப்பை மாற்று அறுவை சிகிச்சை செய்தபோது, இவரும் ஆர்வமாக ஆட்களை அனுப்பினார். ஈர்ப்பு உடலிலேயே இருக்கிறது, பிறவியிலேயே வருகிறது என்ற தன் வாதத்துக்கு அது ஆதாரமாகும் என்று நினைத்தார். ஆதாரமும் கிடைக்கவில்லை, கத்திக்குப் போனவர்களுக்குப் பலனும் இல்லை.

அந்த வீட்டுக்குள் என்ன நடந்தது?

1919 ஜூலை 6. முதல் உலகப்போர் முடிந்து, பேரரசர் ஓடிப்போய், குடியரசு வந்திருந்த நேரம். பெர்லின் டியர்கார்டன் பூங்கா ஓரத்தில், ஒரு காலத்தில் வயலின் மேதை யோசஃப் யோவாகிம் வாழ்ந்த மாளிகையில் பாலியல் அறிவியல் நிறுவனம் திறக்கப்பட்டது. முதல் ஆண்டிலேயே ஆயிரக்கணக்கில் ஆலோசனைகள். வந்தவர்கள் எல்லோரும் தன்பாலீர்ப்பாளர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. கல்யாணத்துக்கு முன்னால் சந்தேகம் கேட்க வந்த ஜோடிகள், ஐந்தாறு பிள்ளைக்குப் பிறகு போதும் என்று வந்த தொழிலாளி வீட்டுப் பெண்கள், பால்வினை நோயை வெளியே சொல்ல வெட்கப்பட்டவர்கள், பிள்ளையில்லாதவர்கள். காசில்லாதவர்களுக்கு இலவசம்.

ஒரு பெட்டி வைத்திருந்தார்கள். யார் வேண்டுமானாலும் கேள்வியைச் சீட்டில் எழுதிப் பெயர் போடாமல் போட்டுவிடலாம். மாலைக் கூட்டங்களில் டாக்டர்கள் ஒவ்வொன்றாக எடுத்துப் பதில் சொல்வார்கள். நம் பத்திரிகைகளின் டாக்டர் கேள்வி-பதில் பகுதி மாதிரிதான். நேருக்கு நேர், கூட்டம் நிறைந்த ஹாலில்.

டோரா ரிஷ்டர் என்ற பெண் அங்கே வேலை செய்தார். போஹிமிய மலைக் கிராமத்தில் ஆணாகப் பிறந்து, சிறு வயதிலிருந்தே தன்னைப் பெண்ணாக உணர்ந்தவர். பெண் உடை அணிந்ததற்காகப் பல முறை பிடிபட்டவர். வெளியே யாரும் வேலை தராத இவரைப் போன்ற சிலருக்கு ஹிர்ஷ்ஃபெல்ட் வீட்டு வேலை கொடுத்து அங்கேயே தங்க வைத்தார். 1931-ல் டோராவுக்குச் செய்யப்பட்ட அறுவை சிகிச்சை, பாலின மாற்று மருத்துவத்தின் தொடக்க கால மைல்கற்களில் ஒன்று. 1933 தாக்குதலில் அவர் கொல்லப்பட்டிருப்பார் என்றுதான் பல பத்தாண்டுகள் எழுதிவந்தார்கள். அண்மையில் கிடைத்த பதிவேடுகள் வேறு கதை சொல்கின்றன. அவர் தப்பிச் சொந்த ஊர் போய், பெண் பெயரைச் சட்டப்படி பதிந்து, 1966 வரை வாழ்ந்திருக்கிறார். இந்தக் கட்டுரைக்காகப் படித்ததில் மனசுக்கு நிறைவு தந்த தகவல் இது.

பணம்? பெரும்பாலும் அவர் கைக்காசு, கூட்டங்கள், புத்தகங்கள். ஆண்மைக் குறைவுக்கு என்று டைட்டஸ் பெர்லன் என்ற மாத்திரையும் அவர் பெயரில் விற்றது. மாத்திரை வியாபாரி என்று எதிரிகள் கேலி செய்தார்கள். அந்தக் கேலியில் கொஞ்சம் நியாயமும் உண்டு.

நிறுவனம் திறந்த அதே ஆண்டு ஒரு சினிமாவிலும் நடித்தார், டாக்டர் வேடத்தில், ஏறத்தாழ தானாகவே. மிரட்டிப் பணம் பறிப்பவனிடம் சிக்கும் வயலின் கலைஞரின் கதை. நாயகன் கான்ராட் வைட். பிற்காலத்தில் காசாபிளாங்கா படத்தில் நாஜி அதிகாரியாக வந்தாரே, அவரேதான். அடுத்த ஆண்டே படத்துக்குத் தடை.

1920-ல் மியூனிக்கில் ஒரு கூட்டம் முடிந்து வெளியே வந்தவரை அடித்து, செத்துவிட்டார் என்று நினைத்துத் தெருவில் போட்டுவிட்டுப் போனார்கள். சில பத்திரிகைகள் மரணச் செய்தியே வெளியிட்டன. தன்னைப் பற்றிய இரங்கல் குறிப்புகளைத் தானே படிக்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. 1923-ல் வியன்னாவில் அவர் பேசிய கூட்டத்தில் துப்பாக்கிச் சூடு. ஹிட்லர் ஆட்சிக்கு வர இன்னும் பத்து வருஷம் இருந்தது.

இந்தியாவுக்கு வந்தாரா?

வந்தார். 1929 அக்டோபரில், நாடாளுமன்றக் குழு ஒன்று 175-வது பிரிவை நீக்கலாம் என்று 15-க்கு 13 என்ற கணக்கில் வாக்களித்தது. 32 வருஷப் போராட்டத்தில் வெற்றிக்கு மிக அருகில் வந்த நாள் அது. அது சட்டமாகும் முன்பே பொருளாதார நெருக்கடியும் நாஜி அலையும் முந்திக்கொண்டன. அதே சமயம் அவர் தொடங்கிய குழுவிலேயே உள்சண்டை முற்றி, அவரே வெளியேற வேண்டிவந்தது.

60 வயது தாண்டிவிட்டது, சர்க்கரை நோய் வேறு. 1930 நவம்பரில் சொற்பொழிவுப் பயணமாக அமெரிக்கா கிளம்பியவர், அப்படியே உலகத்தைச் சுற்றினார். அமெரிக்கப் பத்திரிகைகள் அவரைப் பாலியல் துறையின் ஐன்ஸ்டைன் என்று வர்ணித்தன. ஜப்பான், சீனா, இந்தோனேசியத் தீவுகள், இலங்கை, பிறகு 1931-ல் இந்தியா. அலகாபாத்தில் நேருவின் விருந்தினராக இருந்தார். கேதரின் மேயோ என்ற அமெரிக்கர் 1927-ல் எழுதிய மதர் இந்தியா என்ற நூல், இந்தியர்களின் குடும்ப, பாலியல் வாழ்க்கையைக் கேவலமாகச் சித்திரித்து, இவர்களுக்கு எதற்குச் சுயராஜ்யம் என்ற தொனியில் பேசியது நினைவிருக்கலாம். அந்த வாதத்தை ஹிர்ஷ்ஃபெல்ட் ஏற்கவில்லை. இந்தியா அடிமைப்பட்டிருப்பதே பெரிய அநீதி என்று தன் பயண நூலில் பதிவு செய்தார். போகும்போது மலேரியாவையும் வாங்கிக்கொண்டு போனார்.

ஷாங்காயில் அவருடைய கூட்டத்துக்கு வந்திருந்த லி ஷியு டோங் என்ற மருத்துவ மாணவர் அவருடனேயே கிளம்பிவிட்டார். சீடர், செயலர், துணைவர் எல்லாம் அவர்தான். 1932-ல் ஐரோப்பா திரும்பியபோது, பெர்லினுக்கு வராதீர்கள், உயிருக்கு ஆபத்து என்று நண்பர்கள் தடுத்தார்கள். ஹிர்ஷ்ஃபெல்ட் பெர்லினை மறுபடி பார்க்கவே இல்லை.

பாரிஸில் புதிதாக ஒரு நிறுவனம் தொடங்கப் பார்த்தார், முடியவில்லை. தெற்கே நீஸ் நகரக் கடற்கரையில் ஒரு வீட்டில் தங்கி, இனவெறியை அலசும் நூல் ஒன்றை எழுதினார். அது அவர் இறந்த பிறகுதான், 1938-ல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. 1935 மே 14, அவருடைய 67-வது பிறந்தநாள். அன்றே மாரடைப்பில் போய்விட்டார். அடுத்த மாதமே நாஜி அரசு 175-வது பிரிவை இன்னும் கடுமையாக்கியது.

சட்டம் என்ன ஆனது?

ஹிட்லர் போன பிறகும் அது போகவில்லை என்பதுதான் இதில் அதிர்ச்சி. நாஜிகள் கடுமையாக்கிய அதே வாசகத்தை மேற்கு ஜெர்மனி 1969 வரை அப்படியே வைத்துக்கொண்டது. சுமார் 50,000 பேர் தண்டிக்கப்பட்டார்கள், அதுவும் ஜனநாயக அரசில். முகாம்களிலிருந்து உயிரோடு வந்த சிலர் மறுபடி சிறைக்குப் போனார்கள். பிரிவு முழுசாக நீக்கப்பட்டது 1994-ல். முதல் மனு போட்டு 97 ஆண்டுகள் கழித்து. பழைய தண்டனைகளை ரத்து செய்தது 2017-ல்.

ஹிர்ஷ்ஃபெல்ட் தன் உயிலில் இரண்டு பேரை வாரிசாக எழுதியிருந்தார். ஒருவர் நிறுவனத்தின் ஆவணக் காப்பாளரும் அவருடைய நீண்டகாலத் துணைவருமான கார்ல் கீஸ. 1938-ல் நாஜிகள் ஆஸ்திரியாவுக்குள் நுழைந்த நாட்களில், பக்கத்து நாடான செக்கோஸ்லோவாகியாவில் அவர் தற்கொலை செய்துகொண்டார். மற்றவர் லி ஷியு டோங். அவர் ஆசானின் பொருட்களைத் தூக்கிக்கொண்டு சுவிட்சர்லாந்து, ஹாங்காங் என்று அலைந்து, கடைசியில் கனடாவின் வான்கூவரில் குடியேறினார். 1993-ல் காலமானார்.

அவர் இறந்தபின், அந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் குப்பையில் பழைய சூட்கேஸ் ஒன்று கிடந்தது. அதே கட்டடத்தில் இருந்த ஒருவர் திறந்து பார்த்தார். ஜெர்மன் எழுத்துகள், புகைப்படங்கள், லி எழுதி முடிக்காமல் விட்ட ஆய்வுக் குறிப்புகள், ஒரு வயதான மனிதரின் முகத்தில் எடுத்த வார்ப்பு. யார் என்று தெரியவில்லை. ஆனாலும் தூக்கிப் போடாமல் எடுத்து வைத்துக்கொண்டு, இணையத்தில் ஒரு விசாரிப்பு போட்டு வைத்தார். பல வருஷம் கழித்து, ஹிர்ஷ்ஃபெல்ட் பெயரில் பெர்லினில் இயங்கும் சங்கத்தின் ஆய்வாளர் ஒருவர் கண்ணில் அது பட்டது. சூட்கேஸ் பெர்லினுக்கு வந்து சேர்ந்தது.